ஒரு நோய்க்கு ஒரு மரபணுவா? தலசீமியாவிலிருந்து நீரிழிவு வரை

"நீரிழிவுக்கான மரபணு கண்டறியப்பட்டது", "தெற்காசியருக்கு மாரடைப்பைத் தரும் மரபணு" என்ற வகைத் தலைப்புகள் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. உமிழ்நீரைச் சிறு குப்பியில் எடுத்து அனுப்பினால் பிற்காலத்தில் வரக்கூடிய வருத்தங்களைப் பட்டியலிட்டுத் தருவோம் என்னும் வெளிநாட்டு நிறுவனங்களின் விளம்பரங்கள் கொழும்பில் இருப்பவரின் கைபேசிக்கும் வந்து சேர்கின்றன. திருமணத்துக்கு முன், பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சுகாதாரத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் மரபணு தொடர்பான அறிவுரைதான். ஆயினும் இம்மூன்றுக்கும் பின்னால் உள்ள சான்று ஒரே தரத்தது அன்று. விலையில் மிகக் குறைந்ததே சான்றில் மிக வலுவானது என்பதையும், அது ஏன் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஜீனோம்: தேவையான அளவு மட்டும்

நம் உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களின் கருவிலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றில் சுற்றிவைக்கப்பட்டிருக்கும் டி.என்.ஏ. ஏ, சி, ஜி, ரி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. தாயிடமிருந்து வந்த ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். தந்தையிடமிருந்து வந்த தொகுதியிலும் அவ்வளவே. இந்த முழுத் தொகுதிக்குத்தான் ஜீனோம் என்று பெயர். புரதத்தை ஆக்குவதற்கான கட்டளையைக் கொண்ட பகுதியே வழக்கமாக மரபணு எனப்படுகிறது. மனிதரிடம் அவ்வாறானவை ஏறத்தாழ 20,000. புரதத்துக்கு நேரடியாகக் குறி தரும் எழுத்துகள் ஜீனோமில் 2 சதவீதத்துக்கும் குறைவு. 1990 இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003 இல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபோதும், வாசிக்கக் கடினமாக இருந்த கடைசி இடைவெளிகள் 2022 இல்தான் நிரப்பப்பட்டன.

எந்த ஒரு மனிதரின் ஜீனோமை எடுத்தாலும், ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரி ஜீனோமிலிருந்து அது 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆகவே நோய்க்கான மரபணு ஆய்வு என்பது வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை அன்று. மலைபோல் குவிந்து கிடக்கும் வேறுபாடுகளுள் எது பொறுப்பு என்று நிறுவும் வேலை.

ஓர் எழுத்து மாறினாலே போதுமான நோய்

தலசீமியா இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. செங்குருதிக் கலங்களில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் புரதத்தின் ஒரு பாதி பீட்டா குளோபின். அதன் மரபணு 11 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 எழுத்துகளே கொண்ட சிறிய மரபணு. இந்த மரபணுவைப் படியெடுத்த பின், இடையில் உள்ள தேவையற்ற துண்டுகளைக் கலம் வெட்டி நீக்கிவிட்டே புரதத்தை ஆக்குகிறது. வெட்ட வேண்டிய முதலாவது துண்டின் ஐந்தாவது எழுத்து ஜி. அது சி ஆக மாறிவிட்டால் வெட்டும் இடம் தவறிப்போகிறது. பெரும்பாலான படிகள் வீணாகிப் பீட்டா குளோபின் மிகச் சிறிதளவே உருவாகிறது. இலங்கை உட்படத் தெற்காசியாவில் மிக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா விகாரம் (நோய் தரும் எழுத்து மாற்றம்) இதுவே.

இன்னொரு விகாரமும் நமக்கு முக்கியமானது. அதே மரபணுவின் 26 ஆவது மூவெழுத்துக் குறி ஜி-ஏ-ஜி என்பதற்குப் பதிலாக ஏ-ஏ-ஜி ஆகும்போது, புரதத்தின் கூறுகளுள் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் என்ற வேறொரு கூறு வந்து அமர்கிறது. இதனால் உருவாவது ஈமோகுளோபின் ஈ. இது தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால்தான் நோய்.

இவ்விகாரங்கள் கடத்தப்படும் முறை பின்வருமாறு:

1. ஒருவரிடம் உள்ள இரண்டு பிரதிகளுள் ஒன்று மட்டும் பழுதாயின் அவர் காவி எனப்படுவார். அவருக்கு நோய் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை.

2. கணவன், மனைவி இருவரும் காவிகளாயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம், காவியாகும் வாய்ப்பு 50 சதவீதம். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று கணக்கிடுவது தவறு. ஒவ்வொரு முறையும் அதே 25 சதவீதம்தான்.

3. ஒருவர் பீட்டா தலசீமியாக் காவியாகவும் மற்றவர் ஈமோகுளோபின் ஈ காவியாகவும் இருந்தாலும், இரண்டும் கலந்த நோய் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதே 25 சதவீதம். இலங்கையின் நோயாளர்களுள் கணிசமானோர் இந்தக் கலப்பு வகையினர் என்பதால் இந்த மூன்றாவது நிலையை மறந்துவிடக் கூடாது.

4. ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வராது. காவி என்று தெரிந்த ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சைக் காவியல்லாத மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொள்வதில் மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

கடும் பீட்டா தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றுவதால் இதயத்திலும் ஈரலிலும் சேரும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுவதும் மருந்தும் வேண்டும். தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருப்பதற்குக் காரணம் அப்பிரதேசத்தில் நோயாளர் தொகை அதிகமாக இருப்பதே. ஆனால் காவிகள் எல்லாச் சமூகத்தவர்களிடையேயும் இருக்கிறார்கள்.

காவியைக் கண்டறிய டி.என்.ஏ. பரிசோதனைகூட முதலில் தேவையில்லை. எந்த ஆய்வுகூடத்திலும் செய்யப்படும் முழுக் குருதி எண்ணிக்கை, அதாவது எல்லோரும் எஃப்.பி.சி. என்று சொல்லும் அறிக்கை போதும். அதில் எம்.சி.வி. என்ற வரி செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமனையும், எம்.சி.எச். என்ற வரி ஒரு கலத்தில் உள்ள ஈமோகுளோபின் அளவையும் காட்டும். முதலாவது 80 இற்கும் இரண்டாவது 27 இற்கும் கீழே இருந்தால் மேலும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் இவை குறையும் என்பதால்தான் பல காவிகள் "இரத்தம் குறைவு" என்று சொல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கட்டமாக எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையில் ஈமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியாக் காவி என்று பொதுவாக உறுதியாகும். ஈமோகுளோபின் ஈ இருந்தாலும் அதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இப்பரிசோதனை திருமணத்துக்கு முன்பே வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. சைப்பிரஸ், சார்டினியா ஆகிய இடங்களில் தலசீமியாப் பிறப்புகள் வெகுவாகக் குறைந்ததில் கருவிலேயே பரிசோதித்து, நோய் இருந்தால் கருவைக் கலைக்கும் வழி இருந்தது பெரும் பங்கு வகித்தது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கருவுற்ற பின் காவி என்று அறியும் தம்பதியருக்கு இந்நாட்டில் தெரிவுகள் மிகவும் குறுகியவை.

அதே விகாரம், வெவ்வேறு கடுமை

ஒரு மரபணு, ஒரு நோய் என்ற தெளிவான கதை இங்கேயே சற்றுக் குழம்பத் தொடங்குகிறது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் வெதரோலும் இலங்கை மருத்துவர்களும் இணைந்து இந்நாட்டு நோயாளர்களிடம் நீண்டகாலம் நடத்திய ஆய்வுகளில், ஈமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா உள்ளவர்களிடையே வியப்பூட்டும் வேறுபாடு பதிவாயிற்று. ஒரே விகாரச் சோடியைக் கொண்டவர்களுள் ஒருவர் குருதி ஏற்றாமலே வளர்ந்து வேலைக்குப் போகிறார். இன்னொருவர் சிறு வயதிலிருந்தே குருதி ஏற்றியே உயிர் வாழ்கிறார்.

காரணங்களுள் ஒன்று, வேறு மரபணுக்கள் இதில் தலையிடுவது. கருவிலுள்ள சிசு வேறு வகை ஈமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. பிறந்த பின் அதன் உற்பத்தி ஏறத்தாழ நின்றுவிடும். சிலரிடம் மட்டும் அது ஓரளவு தொடர்கிறது, அவர்களுக்குத் தலசீமியா இலேசாக இருக்கிறது. அந்தத் தொடர்ச்சிக்கு எந்த மரபணு பொறுப்பு என்று தேடிய ஆய்வுகள் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் 2 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவைச் சுட்டின. அம்மரபணுதான் சிசு ஈமோகுளோபினை அடக்கிவைக்கிறது என்பது பின்னர் ஆய்வுகூடத்தில் உறுதியாயிற்று. அப்படியானால் அந்த அடக்குமுறையைத் தளர்த்தினால் என்ன? நோயாளியின் சொந்தக் குருதி மூலக் கலங்களை வெளியே எடுத்து, டி.என்.ஏ. ஐக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையால் பி.சி.எல்.11ஏ இன் ஆளி போன்ற பகுதியை வெட்டி, மீண்டும் உடலில் செலுத்தும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி வழங்கியது. அமெரிக்கா தலசீமியாவுக்கு அதை 2024 சனவரியில் அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். பழுதான மரபணுவை அது திருத்துவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது: அது வேறொரு மரபணுவை முடக்கிப் பழைய ஈமோகுளோபினை மறுபடி வரவழைக்கிறது.

நீரிழிவு ஏன் வேறு வகை

சீனி வருத்தம், உயர் குருதியமுக்கம், இதய நோய் ஆகியவற்றில் ஓர் எழுத்தைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. (நீரிழிவிலும் ஒற்றை மரபணுவால் வரும் அரிய வகைகள் உண்டு, அவை சிறுபான்மை.) இவற்றை ஆராய்வதற்கான முறை ஜீனோம் முழுவதற்குமான தொடர்பாய்வு எனப்படுகிறது. அது செயற்படும் விதம்:

1. நோய் உள்ள பல ஆயிரம் பேரிடமும் இல்லாத பல ஆயிரம் பேரிடமும் குருதி பெறப்படும்.

2. ஒவ்வொருவரின் ஜீனோமிலும் மனிதருக்கு மனிதர் மாறுபடும் பல இலட்சம் இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று வாசிக்கப்படும்.

3. ஒவ்வோர் இடத்திலும், ஓர் எழுத்து நோயாளரிடம் கூடுதலாக இருக்கிறதா என்று கணக்கிடப்படும்.

மூன்றாவது படியில்தான் பொறி இருக்கிறது. வழக்கமான மருத்துவ ஆய்வில் தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழ் என்றால் முடிவை ஏற்கிறார்கள். ஐந்து இலட்சம் இடங்களைச் சோதிக்கும் ஆய்வில் அந்த அளவுகோலை வைத்தால், எந்தத் தொடர்பும் இல்லாத 25,000 இடங்கள் தற்செயலாகவே "நோய்க்கான மரபணு" என்று தேறிவிடும். ஆகவே தற்செயல் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே கண்டுபிடிப்பை ஏற்பது என்ற கடும் விதி இத்துறையில் உள்ளது. ஒரு செய்தியை எடைபோட இதைவிட நல்ல உரைகல் இல்லை: சில நூறு பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒரு பொதுவான நோய்க்கு மரபணுவைக் கண்டுவிட்டதாகச் சொன்னால், பெரிய ஆய்வொன்று அதை உறுதிசெய்யும் வரை பொறுத்திருப்பதே சரி.

2007 இல் பிரித்தானியாவில் ஏழு நோய்களை ஒன்றாக ஆராய்ந்த வெல்கம் டிரஸ்ட் கூட்டாய்வில் 14,000 நோயாளரும் 3,000 ஒப்பீட்டாளரும் இருந்தனர். 2024 இல் வெளியான இரண்டாம் வகை நீரிழிவு ஆய்வில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு இடம்பெற்று, ஜீனோமில் 611 இடங்கள் நீரிழிவோடு தொடர்புள்ளவையாக அடையாளம் காணப்பட்டன. 611 இடங்கள் உள்ளபோது ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்று ஊகிக்கலாம். அவற்றுள் மிக வலுவானவற்றுள் ஒன்றான ரி.சி.எஃப்.7எல்2 மரபணுவின் மாறுபாடு, ஒரு பிரதிக்கு நீரிழிவின் வாய்ப்பு விகிதத்தை ஏறத்தாழ 1.4 மடங்காக்குகிறது. ஒரு சமூகத்தில் அம்மாறுபாடு இல்லாத 100 பேரில் 10 பேருக்கு நீரிழிவு வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு பிரதி உள்ள 100 பேரில் 13 அல்லது 14 பேருக்கு வரும். எஞ்சிய 86 பேருக்கு அந்த "நீரிழிவு மரபணு" இருந்தும் நீரிழிவு வருவதில்லை.

மேலும், இவ்வாய்வுகள் சுட்டும் இடங்களுள் மிகப் பெரும்பாலானவை புரதத்துக்குக் குறி தரும் பகுதிக்கு வெளியே உள்ளன. கள்வன் ஒளிந்திருக்கும் தெரு தெரிகிறது, வீட்டு இலக்கம் தெரிவதில்லை என்ற நிலை. டி.என்.ஏ. பெரிய துண்டுகளாகவே தலைமுறை கடக்கிறது. ஆகையால் உண்மையான காரணிக்கு அருகில் இருக்கும் குற்றமற்ற எழுத்தும் அதனோடு சேர்ந்தே நோயாளரிடம் கூடுதலாகத் தென்படும்.

நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இதயத்தசை மரபணுவான எம்.வை.பி.பி.சி.3 பற்றியது. அதில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இருப்பதாகவும், அது இதயச் செயலிழப்புக்கான ஆபத்தைப் பன்மடங்காக்குவதாகவும் 2009 இல் வெளியான ஆய்வு கூறியது. உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. 2020 இல் வெளிவந்த மறுஆய்வோ, அந்த நீக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு இதயத்தசைத் தடிப்பு நோய்க்கான ஆபத்துக் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றும், சிலரிடம் அதே துண்டில் கூடவே பயணிக்கும் வேறொரு மாறுபாடே பெரும்பாலும் பொறுப்பு என்றும் காட்டியது. இத்திருத்தம் முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் போய்ச் சேரவில்லை.

"பரம்பரைப் பங்கு 60 சதவீதம்" என்றால்

இவ்வகைச் சதவீதங்கள் பெரும்பாலும் இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வருபவை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு டி.என்.ஏ. ஏறக்குறைய முழுவதும் பொது. இரு கருவிலிருந்து வந்த இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. முதல் வகையினர் ஒரு நோயில் எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்பதிலிருந்து பரம்பரையின் பங்கு மதிப்பிடப்படுகிறது. கொழும்பு மாவட்டத்திலேயே ஏறத்தாழ 4,000 இரட்டையரை வைத்து இலங்கை ஆய்வாளர்களும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் இணைந்து அத்தகைய ஆய்வை நடத்தியிருக்கிறார்கள். கிடைக்கும் விகிதம் அந்தச் சமூகத்தில், அந்தக் காலத்தில், மனிதருக்கிடையே உள்ள வேறுபாட்டின் எவ்வளவு பகுதி மரபணுவால் விளங்குகிறது என்பதையே சொல்கிறது. "என் வருத்தத்தில் 60 சதவீதம் பரம்பரை" என்று தனி ஒருவர் அதைத் தமக்குப் பொருத்திக்கொள்ள இயலாது. உணவும் உழைப்பும் மாறினால் அந்த விகிதமும் மாறிவிடும்.

இலண்டன் புள்ளி கொழும்புக்குப் பொருந்துமா?

உமிழ்நீர்ப் பரிசோதனை நிறுவனங்கள் பொதுவான நோய்களுக்குத் தருவது பெரும்பாலும் பல்மரபணு ஆபத்துப் புள்ளி. பல நூறு அல்லது பல இலட்சம் இடங்களின் சிறு சிறு பங்குகளைக் கூட்டி வரும் ஒரே எண் அது. அந்தப் பங்குகள் யாரிடமிருந்து கணக்கிடப்பட்டன என்பதே கேள்வி. 2019 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஜீனோம் தொடர்பாய்வுகளில் பங்கெடுத்தோருள் ஏறத்தாழ 79 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடமிருந்து பெற்ற புள்ளியைத் தெற்காசியரிடம் பயன்படுத்தியபோது அதன் துல்லியம் ஏறத்தாழ 37 சதவீதம் குறைந்தது. ஆபிரிக்க வம்சாவளியினரிடம் 78 சதவீதம். வீட்டு இலக்கம் தெரியாமல் தெருவை மட்டும் வைத்துக் கணக்கிட்டதன் விளைவு இது: ஒரு சமூகத்தில் காரணியோடு சேர்ந்து பயணிக்கும் அடையாள எழுத்து இன்னொரு சமூகத்தில் அதை விட்டுப் பிரிந்திருக்கலாம்.

உலக ஜீனோம் பட்டியல்களில் இலங்கைத் தமிழர் இல்லாமல் இல்லை. 2015 இல் நிறைவுற்ற ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 26 சமூகங்களுள் இலங்கைத் தமிழரும் ஒன்று, 102 பேர். ஆனால் அவர்கள் அனைவரும் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். அதைவிட முக்கியம், அத்திட்டத்தில் எவருடைய நோய் விபரமும் சேகரிக்கப்படவில்லை என்பது. எந்த எழுத்துகள் நம்மிடம் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று அதிலிருந்து அறியலாம். அவற்றால் நமக்கு எந்த வருத்தம் வருகிறது என்று அறிய முடியாது.

சேர்க்கப்படாத சமூகங்களைச் சேர்ப்பதால் உலகுக்கே நன்மை என்பதற்கு பி.சி.எஸ்.கே.9 சான்று. இந்த மரபணு செயலிழந்த வடிவம் அமெரிக்கக் கறுப்பினத்தவருள் 2.6 சதவீதத்தினரிடம் இருப்பதும், அவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் 28 சதவீதமும் இதய நோய் 88 சதவீதமும் குறைவாக இருப்பதும் 2006 இல் தெரியவந்தன. அதே விளைவைத் தரும் ஊசி மருந்துகள் 2015 இல் சந்தைக்கு வந்தன.

சொந்தத்துக்குள் கலியாணம்

மச்சான், மச்சாள் முறையில் மணம் செய்யும் வழக்கம் உள்ள சமூகத்தில் இக்கேள்வி கட்டாயம் எழும். முதல்நிலை மைத்துனர் இருவருக்கு டி.என்.ஏ. இல் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. எனவே பாட்டனிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பழுதான பிரதி இருபக்கமும் வந்து பிள்ளையிடம் சந்திக்க இடமுண்டு. பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்புப் பொதுவாக 2 முதல் 3 சதவீதம் என்றால், இத்தகைய மணத்தில் அது மேலும் 2 முதல் 3 சதவீதம் கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும், குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பின்னிடைவான நோய் (இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வருவது) இருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும் என்பதும் இரண்டுமே உண்மை.

நெருங்கிய உறவைத் தவிர்த்தால் மட்டும் போதும் என்பதும் சரியன்று. 2017 இல் தெற்காசியாவின் 260 இற்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி, நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துவந்தவை என்று கண்டனர். சாதிக்குள் மட்டும் மணக்கும் வழக்கம் உறவில்லாத இருவரையும் மரபணுவால் உறவினராக்கிவிடுகிறது.

அறிக்கை கைக்கு வந்த பின்

1. தரவு எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உமிழ்நீர்ப் பரிசோதனையில் உலகப் புகழ் பெற்ற 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023 இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரம் களவு போயிற்று. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துக் கோரி நீதிமன்றம் சென்றது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்பு வகைத் தரவாகக் கொள்கிறது. எனினும் கடவுச்சொல்லைப் போல் மரபணுவை மாற்றிக்கொள்ள முடியாது. உங்கள் ஜீனோம் உங்கள் உடன்பிறப்புகளைப் பற்றியும் பாதி சொல்லிவிடும்.

2. குடும்பத்தில் இள வயதில் மார்புப் புற்றுநோய், காரணம் தெரியாத திடீர் மரணம், ஒரே வகைக் குறைபாட்டோடு பல பிள்ளைகள் என்று ஏதேனும் இருந்தால், அங்கே டி.என்.ஏ. பரிசோதனைக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசனை தேவை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அதற்கான அலகு 1983 முதல் இயங்கிவருகிறது.

3. அறிக்கையில் ஒரு மாறுபாடு ஐந்து தரங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கும்: நோய் தருவது, நோய் தரக்கூடும், முக்கியத்துவம் உறுதியற்றது, தீங்கற்றதாக இருக்கக்கூடும், தீங்கற்றது. நடுவில் உள்ள மூன்றாவதுதான் பெரும் குழப்பத்தைத் தருகிறது. முன்பு ஆராயப்படாத சமூகத்தவரிடம் புதிய மாறுபாடுகள் அதிகம் தென்படுவதால் அவர்களுக்கு இத்தரம் கூடுதலாக வந்து விழுகிறது. அதை வைத்து மார்பகத்தை அகற்றுவது போன்ற மீளமுடியாத முடிவுகளை எடுக்கக் கூடாது. சான்று சேரச் சேர ஆய்வுகூடங்கள் இவற்றை மறுதரப்படுத்துகின்றன. அவ்வாறு மாறுபவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கத்துக்கே நகர்கின்றன. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலோசனை வழங்கிய மருத்துவரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம்.